ஜன்னல் அட்டை

நவம்பர் 10, திங்கள்

அகல்யா படிக்கும்போது அவள் கண் டேப்லெட் திரையில் இல்லை. வெளியே சன்ஷேடில் உட்கார்ந்திருந்த காகத்தைப் பார்த்துக்கொண்டே முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை. டேப் ‘சபாஷ்’ என்று சொல்லி நட்சத்திரம் கொடுத்தது.

நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துச் சமையலறைத் தொட்டியிலிருந்து மூன்றாம் வகுப்பு ஜன்னல் நேராகத் தெரியும். அம்மா இங்கே காலைச் சிற்றுண்டி சமைக்கிறாள். நானும் கூடவே வந்து பாத்திரம் தேய்த்துவிட்டு, ஒன்பதரைக்குச் சேவூர் வீட்டுக்குப் போய் அப்பாவின் தறிக்குத் தார்க் குழலில் நூல் சுற்றுவேன். பதினேழு வயதில் என் வேலை இவ்வளவுதான்.

வகுப்பில் இருக்கும் ஆறு டேப்பும் ஆரணி டவுன் பட்டு வியாபாரி சந்திரமோகன் வாங்கிக் கொடுத்தது. அதில் இருக்கும் ஆப் முதலில் ஒரு வாக்கியத்தைத் தானே படித்துக் காட்டும். படிக்கப் படிக்க ஒவ்வொரு சொல்லாக மஞ்சளாகும். பிறகு பிள்ளை படிக்க வேண்டும். சரியாக இருந்தால் ஒரு நட்சத்திரம். அகல்யாவிடம் நூற்று நாற்பது இருக்கிறது. வகுப்பிலேயே அதிகம். பரிமளா டீச்சர் அவள் பெயரைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

காகம் பறந்த பிறகுதான் அவள் டேப்பைப் பார்த்தாள்.

நவம்பர் 11

இன்றும் அப்படித்தான். காகம் இல்லை. மின்விசிறியைப் பார்த்தாள்.

நவம்பர் 13, வியாழன்

டீச்சருக்கு ஏதோ ஆன்லைன் பதிவு. “ஸ்வர்ணா, பத்து நிமிஷம் பசங்களப் பாத்துக்க, வந்துடறேன்” என்று ஆபீஸ் அறைக்குப் போனார். நான் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

செய்தது சரியா தெரியவில்லை. அகல்யா பக்கத்தில் உட்கார்ந்து டேப்பின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன்.

“அக்கா, சவுண்டு போயிடுச்சி.”

“பரவால்ல. படி.”

அவள் டேப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. “கண்ணு வலிக்குதுக்கா” என்றாள்.

கண்ணு வலிக்குது.

அந்தப் பதிலை நான் ஒன்பதாம் வகுப்பு வரை வைத்திருந்தேன்.

“காதுல கேட்டுட்டுச் சொல்றியா?” என்று மெதுவாகக் கேட்டேன். தலையாட்டினாள். “டீச்சர்கிட்ட சொல்லிடாதக்கா. எங்கம்மா எல்லார்கிட்டயும் ஸ்டாரப் பத்திச் சொல்லிகினு இருக்குது.”

நவம்பர் 14

இதை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கும் படிக்கத் தெரியாது அப்போது. பக்கத்தில் உட்காருகிறவள் ஒரு தரம் படித்தால் போதும், அப்படியே சொல்லிவிடுவேன். கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள். அது எழுதியது இல்லை, பார்த்து வரைந்தது. ஒன்பதாம் வகுப்பில் காலைப் பிரார்த்தனையில் செய்தி வாசிக்க என்னை நிறுத்தினார்கள். முதல் நாளே ஒருத்தியைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மைக் முன்னால் போனதும் ஹெச்.எம். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு, “இன்னைக்கு வந்த பேப்பர்ல இருந்து படிம்மா” என்றார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லாரும்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். வீட்டில் தறி வேலை நிறைய இருந்தது, யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

பிப்ரவரி 13 ஆண்டு விழா. அதிக நட்சத்திரம் வாங்கிய பிள்ளை மேடையில் படிக்க வேண்டும். சந்திரமோகன் தானே ஒரு புதுப் புத்தகம் கொண்டுவருவாராம். அவர் திறக்கிற பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.

அகல்யாவின் அம்மா கண்ணகி நாற்று பறித்துவிட்டு நடப் போகிற வழியில் சேற்றுக்காலோடு வந்து நின்றாள். “எங்க வூட்டுல மொத மொத மேடை ஏறப் போறது இவதான் டீச்சர்” என்றாள். அகல்யா அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

மேடை. மைக். புதுக் காகிதம்.

நவம்பர் 18

டீச்சரிடம் சொல்லப் போனேன். “என்ன ஸ்வர்ணா?” என்றார். “ரெண்டு தட்டு குறையுது டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 19

இன்று டம்ளர் குறைகிறது என்று சொன்னேன். அம்மாவுக்குக் கோபம். “நான் எண்ணி வெச்சத நீ எதுக்குடி கொறையுதுன்ற?”

நவம்பர் 20, வியாழன்

நேரில் பேச வராது. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் வரும். மத்தியானம் அம்மா தூங்கியதும் அவள் போனை எடுத்துக்கொண்டு தறிக்குழிப் பக்கம் போய் டீச்சருக்கு வாய்ஸ் மெசேஜ் பேசினேன். ஐந்து தரம் அழித்தேன். ஆறாவது தரம் விரல் வழுக்கி, போய்விட்டது.

எல்லாம் சொல்லிவிட்டேன். அகல்யாவைப் பற்றி. என்னைப் பற்றியும்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. சாயங்காலம்தான், “நாளைக்கு வா” என்று மட்டும் வந்தது.

நவம்பர் 21, வெள்ளி

டீச்சர் முகம் சரியில்லை. “நூத்தி நாப்பது ஸ்டார் வாங்கினவளுக்குப் படிக்கத் தெரியாதுன்ற. அந்த மிஷினு பொய் சொல்லுதா?”

“மிஷின் பொய் சொல்லல டீச்சர். அது கேட்டதத்தான் சொல்லுது. அவ கண்ண அதுக்குப் பாக்கத் தெரியாது.”

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படிக்கச் சொன்னார். இருபத்து மூன்று பேர். ஒன்பது பேருக்குக் கண் வலித்தது.

டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். “நாள் பூரா ஆன்லைன்ல டிக் அடிக்கிற வேலையே சரியாப் போவுது எனக்கு. நட்சத்திரத்தப் பாத்து, சரி, இது ஒண்ணு நல்லா நடக்குதேன்னு இருந்துட்டேன்.” பிறகு நிமிர்ந்து, “நீ அப்புறம் எப்படித்தான் கத்துகின?” என்று கேட்டார்.

நாளை எடுத்துவருகிறேன் என்றேன். நாளை சனிக்கிழமை. நினைவே இல்லை.

நவம்பர் 22, சனி

பரண் ஏறினேன். அப்பாவின் தறிக்கு மேல் இப்போது புடவைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டர் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. டிசைன் பென் டிரைவில் வருகிறது. முன்பு அந்த டிசைனுக்கு ஓட்டை குத்திய அட்டைகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தோம். பெட்டி வந்தபோது, “தோளு வலி விட்டுச்சி” என்று அப்பா அட்டைகளை மேலே தூக்கிப் போட்டார்.

பள்ளியை விட்ட வருஷம் அதில் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு சொல் தெரிகிற அளவுக்கு பிளேடால் ஜன்னல் வெட்டினேன். பொட்டலம் கட்டி வந்த பேப்பரின் மேல் வைத்து நகர்த்துவேன். முழுப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கு எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கும். ஒரு ஜன்னல் அளவு என்றால் பயமில்லை. யாரும் பார்க்கவில்லை. படிக்க வர ஒரு வருஷம் ஆனது.

இன்று ஒன்பது வெட்டினேன்.

“பார்டர் டிசைனையே வெட்டறியேம்மா, இன்னா நெய்யப் போற?” என்றார் அப்பா.

“படிக்கறதுக்குப்பா.”

“அட்டையவா?”

“அட்டை வழியா.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நல்ல பிளேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 24, திங்கள்

படு தோல்வி.

ஆப்பை மூடிவிட்டு, டீச்சர் பாடப்புத்தகப் பக்கங்களைப் படம் எடுத்து டேப்பில் வைத்திருந்தார். எழுத்தைப் பெரிதாக்கி, மேலே அட்டையை வைத்து, “ஒரு ஒரு சொல்லா நகத்திகினே படிங்க” என்றேன். காகிதத்தில் அப்படித்தான் செய்வேன். ஆனால் அட்டையை நகர்த்தும்போது கை கண்ணாடியில் பட்டு, பக்கமே ஓடியது. “அக்கா, ஓடுது ஓடுது.” இளவரசன் என்ற பையனின் டேப்பில் ஒரே ஒரு ‘ழ’ மட்டும் தோசை அளவுக்கு வந்து நின்றது. அட்டையின் ஓட்டைகள் வழியாக வேறு எழுத்துகள் எட்டிப் பார்த்தன. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து உருண்டார்கள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் சமையலறைக்குப் போய்க் குண்டானைத் தேய்த்தேன். ஏற்கனவே தேய்த்த குண்டான்.

நவம்பர் 25

சாயங்காலம் அப்பா நெய்வதைப் பார்த்துக்கொண்டே தார் சுற்றினேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நூலை ஏந்திய நாடா குறுக்கே போய் வருகிறது. நெய்த துணிதான் அவர் மடிப்பக்கம் வந்து சுருண்டுகொள்கிறது. அவர் துணியின் பின்னால் ஓடுவதில்லை —

அட்டை ஏன் நகர வேண்டும்?

பக்கம்தான் ஓடுகிறதே. ஓடட்டும்.

நவம்பர் 26, புதன்

அட்டையை டேப்பின் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டேன். ஓட்டைகளைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடிவிட்டேன். அட்டைக்குக் கீழே தெரிகிற கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால் வரி நகரும். ஜன்னலில் ஒவ்வொரு சொல்லாக வந்து நிற்கும். பிள்ளை படித்தால்தான் அடுத்ததை இழுக்கும். அவசரப்படுத்த யாரும் இல்லை.

அகல்யா இழுத்தாள். “ம… ர… ம்.” நின்றாள். “மரம்.” என்னைப் பார்க்கவில்லை. டேப்பையே பார்த்தாள். இன்னொரு இழுப்பு.

“எங்கம்மா நாத்துக் கட்டப் பிரிச்சி ஒண்ணு ஒண்ணா நடுமே, அது மாதிரிக்கா” என்றாள்.

டீச்சர் அவர் போனில் அதைப் படம் பிடித்தார். என் கை மட்டும்தான் வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

இப்போது டேப்பிலேயே குரலைப் பதிவு செய்கிறோம். முன்பு டேப் பேசும், பிள்ளை திருப்பிச் சொல்லும். இப்போது பிள்ளை படிக்கும், டேப் திருப்பிச் சொல்லும். இது டீச்சரின் யோசனை. ஆனால் பக்கத்து விசைத்தறி ஷெட் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எட்டரைக்கு அங்கே நாஷ்டா சாப்பிடத் தறியை நிறுத்துவார்கள். அந்த இருபது நிமிஷம்தான் எங்களுக்கு.

அகல்யா தன் குரலை முதல் தரம் கேட்டாள்.

“இது யாருக்கா?”

“நீதான்.”

“அய்ய. ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி கீது.” உடனே, “அழி, அழி. வேற படிக்கறேன்.”

நான் அழிக்கவில்லை. தேதி போட்டு வைத்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

கண்ணகி வந்து சத்தம் போட்டாள். எல்லார் முன்னாடியும்.

“கடகடன்னு படிச்சிகினு இருந்த புள்ள, இப்ப ஒண்ணாங்கிளாஸ் மாதிரி எழுத்துக்கூட்டுது. ஸ்டாரும் வர்றதில்ல. தட்டு கழுவற பொண்ண வுட்டுப் பாடம் நடத்துனா இப்படித்தான் ஆவும். அது இன்னா படிச்சிருக்குது?”

டீச்சர் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. ஓடி வந்துட்டேன். பேஜாராப் போச்சு. யார் கேட்டாங்க என்னை? சும்மா தட்டக் கழுவிகினு இருந்திருக்கலாம் இல்ல? அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு? நான் இன்னா படிச்சிருக்கேன்?

நாளைக்குப் போகல.

டிசம்பர் 9

போனேன். அம்மா எழுப்பவில்லை, நானேதான் எழுந்தேன். நான் முன்பு ஒரு தரம் போகாமல் இருந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றும் இல்லை.

கண்ணகி வயலுக்குப் போகும் வழியில் பள்ளி கேட்டருகே காத்திருந்தேன். டேப்பை அவள் காதருகே பிடித்தேன். டிசம்பர் 3: ஆட்டுக்குட்டி, ஒரு வரிக்கு நான்கு தடவை திணறல். அப்புறம் டிசம்பர் 8: அதே பாடம் இல்லை, வேறு, புதுசு. மெதுவாக, ஆனால் நிற்காமல்.

“இது மனப்பாடம் இல்லீங்க” என்றேன். “யாரும் சொல்லிக் குடுக்கல. அவளாப் பாத்துப் படிச்சது.”

கண்ணகி இன்னொரு தரம் போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தரம். அவளோடு வந்தவர்கள் வரப்பில் இறங்கிப் போய்விட்டார்கள்.

“இத்த எங்க வூட்டுக்காரர் போனுக்கு அனுப்பறியாம்மா?” என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, “நேத்து எதுனா சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காத” என்றாள்.

டிசம்பர் 19

ஒன்பதில் நாலு பேர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இனி வேண்டாமாம். இவ்வளவு சந்தோஷமாக யாரும் என் கையில் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

லீவு முடிந்தது. அகல்யா படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள். திருநீறு கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“அக்கா, பஸ்ஸு வந்துச்சி. எல்லாரும் எந்த பஸ்ஸு எந்த பஸ்ஸுன்னு கேட்டுகினு இருந்தாங்க. நான் போர்டப் படிச்சிட்டேன். எங்கம்மா நம்பல. கண்டக்டரக் கேட்டுச்சி. கண்டக்டர், ‘அதான் கொயந்த சொல்லுதே, ஏறும்மா’ன்னாரு.”

ஜனவரி 22

இன்று அகல்யா ரப்பர் பேண்டைத் தானே கழற்றினாள்.

பிப்ரவரி 12, வியாழன்

நாளை. அகல்யாவின் பெயரை எடுத்துவிட்டு, முதலிலிருந்தே நன்றாகப் படிக்கிற வேறு பிள்ளையை நிறுத்தலாமா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். அவருக்கும் பயம். “நட்சத்திரக் கணக்க நான்தான இவ்ளோ நாள் தப்பா வெச்சிருந்தேன். அதுக்கு அந்தக் குழந்த எதுக்கு மாட்டணும்?”

அகல்யாவையே கேட்போம் என்றேன்.

அவள் என்னைக் கேட்டாள்: “அக்கா, தப்பாப் படிச்சா இன்னா ஆவும்?”

என்ன சொல்வது? சிரிப்பார்கள் என்றா?

“தப்பா நெய்ஞ்சா எங்கப்பா அந்த எடம் வரைக்கும் பிரிச்சிட்டுத் திரும்ப நெய்வாரு” என்றேன். “ஒண்ணும் ஆவாது.”

“அப்ப படிக்கறேன்.”

பிப்ரவரி 13, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பம். ஷாமியானா போட்டிருந்தார்கள். தெருவே வந்திருந்தது. அப்பாகூடத் தறியை விட்டுவிட்டு வந்தார். கண்ணகி நல்ல புடவை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால். அங்கிருந்து எல்லாம் தெரியும், என்னை யாருக்கும் தெரியாது.

சந்திரமோகன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். கடை வாசனை போகாத புத்தகம். நடுவில் விரலை விட்டுத் திறந்து, “இங்கிருந்து படி, பாப்போம்” என்றார். மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்கள். பக்கத்து ஷெட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அகல்யா பக்கத்தைப் பார்த்தாள். யாரையும் பார்க்கவில்லை, கூரையையும் பார்க்கவில்லை.

“தையல்காரர் கண் விழித்துப் பார்த்தார்” என்று படித்தாள். “மேசை மேல் வைத்திருந்த மூக்கு… மூக்… மூக்குக…”

நின்றுவிட்டாள். எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும்.

அவள் புத்தகத்தை மேடை மேசையில் வைத்தாள். இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் அந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் வைத்தாள். ஜன்னல். வரியின் முதலிலிருந்து திரும்பத் தொடங்கினாள். பிரித்துவிட்டு நெய்கிற மாதிரி.

“மேசை மேல் வைத்திருந்த மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை.”

பிறகு அவள் நிற்கவில்லை. காகம்தான் கண்ணாடியைத் தூக்கிப் போயிருந்தது. தையல்காரர் தேடப் போகிறார், கண்ணாடி இல்லாததால் ஆட்டுக்கு வணக்கம் சொல்கிறார். கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு. பக்கம் முடிந்தது. சந்திரமோகன் கை தட்டி, “போதும்மா, பிரமாதம்” என்று புத்தகத்தை வாங்கக் கை நீட்டினார்.

“கத முடியலையே” என்றாள் அகல்யா, மைக்கிலேயே. பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டே போனாள். பரிமளா டீச்சர் மேடை ஓரத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார். கண்ணகி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பக்கத்தில் குரல் கம்மிவிட்டது. அம்மா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். “கொயந்தைக்குத் தண்ணி குட்த்துட்டு வாடி.”

டம்ளரோடு மூன்று படி ஏறினேன். கொடுத்துவிட்டு உடனே இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன்.

கீழே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். “அப்புறம்? காக்கா குட்த்துச்சா இல்லையா?”

அகல்யா ஒரு கையால் டம்ளரை வாங்கினாள். இன்னொரு கையால், விரலை அந்த வரியிலேயே வைத்தபடி, புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

“நான் குடிக்கற வரைக்கும் நீ படி, அக்கா.”

மைக். கூட்டம். நான் பார்த்தே இராத பக்கம்.

அவள் விரல் இருந்த இடத்தில் என் விரலை வைத்தேன். படித்தேன்.